பழைய ஸ்டீரியோ முன்பெருக்கியை இல்லத்தில் அமைத்து ஆளும் முறை

இராமேசுவரத் தீவில், பாம்பனுக்கும் இராமேசுவர நகருக்கும் இடையே உள்ள தங்கச்சிமடம், மீன்பிடித் தொழிலுக்கும் மல்லிகை நாற்றுக்கும் பெயர் பெற்ற ஊர் என்பதை அன்பர் பலர் அறிவர். அவ்வூரில் எம் தாய்மாமன் இல்லம் உளது. மாமன் கரைவலைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவர். வலை இழுக்கும்போது ஒருவர் முன்னே பாட ஏனையோர் பின்னே இசைக்கும் அம்பாப் பாடல்களில் முன்பாட்டுக்காரராக நின்றவர். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவர்தம் மூத்த புதல்வர் 1979ஆம் ஆண்டில் வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்தபோது, இசைக்கருவித் தொகுதி ஒன்றைக் கொணர்ந்தார். அவ்விடுமுறையிலேயே தந்தையார் பாடிய பாடல்கள் சிலவற்றை ஒரு காசெட்டில் பதிவு செய்தும் வைத்தார். அக்குரலுக்கு வேறு பிரதி கிடையாது.

கடந்த கோடை விடுமுறையில் யாம் அங்குச் சென்றிருந்தபோது, பரண்மேல் துணி சுற்றிக் கிடந்த அத்தொகுதியைக் கீழே இறக்கினோம். முன்பெருக்கி ஒன்று, ஆற்றல் பெருக்கி ஒன்று, இசைத்தட்டுச் சுழற்றி, காசெட் இயந்திரம், இரண்டு ஸ்பீக்கர்கள் ஆகியவை அதில் இருந்தன. அன்று மாலையே அவசரமாக இணைத்து, அத்தையை அருகில் அமர்த்திக் காசெட்டை ஓட்டினோம். குடத்திற்குள்ளிருந்து யாரோ இருமுவது போன்ற ஒலி எழுந்தது. அத்தை சிறிது நேரம் செவிசாய்த்துக் கேட்டுவிட்டு, "இது அவர் குரல் இல்லை, தம்பி" என்று சொல்லி எழுந்து போயினார். குற்றம் காசெட்டினுடையதன்று, எம்முடையதே. அக்குற்றம் யாது, அதனை எவ்வாறு திருத்தினோம் என்பதைச் சொல்லப் புகுந்தால், முன்பெருக்கி என்பது யாது என்பதே விளங்கிவிடும். பலருடைய இல்லங்களிலும் இத்தகைய பழங்கருவிகள் பரண்மேல் உறங்குகின்றன. ஆதலின் இக்கட்டுரை அவர்கட்குப் பயன்படும் என நம்புகிறோம்.

முன்பெருக்கியாவது, இசை பிறக்கும் கருவிக்கும் ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றல் பெருக்கிக்கும் நடுவே நிற்பது. அதற்கு மூன்று தொழில்கள் உள. பல கருவிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது முதலாவது; ஒலியின் அளவையும் தன்மையையும் ஆள்வது இரண்டாவது. மூன்றாவதே முதன்மையானது: இசைத்தட்டினின்று வரும் மிக மெலிந்த மின்குறியை வளர்த்து, அதன் இயற்கை வடிவிற்கு மீட்டளிப்பது. காந்தக் காட்ரிட்ஜின் ஊசி தட்டின் பள்ளத்தில் ஓடுங்கால் எழும் மின்னழுத்தம் பொதுவாக 3 முதல் 5 மில்லிவோல்ட் அளவினதே. காசெட் இயந்திரமோ வானொலிப் பெட்டியோ தருவது அதனைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு. ஆகவே, முன்பெருக்கியின் பின்புறத்தில் 'போனோ' என்று குறித்த வாயில் மட்டும் தன்னிடம் வருவதை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்குகிறது. 'டியூனர்', 'டேப்', 'ஆக்ஸ்' என்று குறித்த ஏனைய வாயில்கள் அவ்வாறு செய்வதில்லை.

பெருக்குதலோடு போனோ வாயிலின் வேலை முடிந்துவிடுவதில்லை. இசைத்தட்டு வெட்டுவோர், தாழ்சுருதி ஒலிகளை உள்ளவாறே வெட்டினால் பள்ளங்கள் அகன்று ஒன்றையொன்று தொட்டுவிடும் என்று அவற்றைக் குறைத்து வெட்டுகின்றனர். தட்டின் இயற்கை இரைச்சலில் மூழ்கிவிடாதிருக்க உச்சசுருதி ஒலிகளை மிகுத்து வெட்டுகின்றனர். இவ்வாறு செய்ததை ஒலிக்கும் காலத்தில் நேர் எதிராகத் திருப்பிவிடுவது முன்பெருக்கியின் கடமை. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு மிகுப்பது என்பதற்கு அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1954ஆம் ஆண்டில் ஏற்ற அளவே பின்னர் உலகெங்கும் பரவிற்று. அதன்படி, விநாடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலியை நடுவாகக் கொண்டால், 50 அதிர்வுள்ள ஒலியை முன்பெருக்கி அதனினும் ஏறக்குறைய 7 மடங்கு உயர்த்துகிறது. 10,000 அதிர்வுள்ள ஒலியை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகத் தாழ்த்துகிறது.

இப்போது எம் முதல் நாள் குற்றம் இன்னதென்று வாசகர்க்கு விளங்கியிருக்கும். யாம் காசெட் இயந்திரத்தின் கம்பிகளைப் போனோ வாயிலில் செருகிவிட்டோம். முன்னமே போதிய வலிவுடைய குறி மேலும் நூறு மடங்கு வளரவேண்டியதாயிற்று. முன்பெருக்கியால் அதனைத் தாங்கவியலாமல் ஒலி உடைந்தது. எவரும் குறைக்காத தாழ்சுருதி ஏழு மடங்கு வீங்கிற்று. எவரும் மிகுக்காத உச்சசுருதி ஐந்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிற்று. சொற்களின் தெளிவும், ஒருவர் குரலை மற்றவர் குரலினின்று பிரித்துக் காட்டும் அடையாளமும் பெரும்பாலும் உச்சசுருதியிலேயே உள்ளன. அது போகவே, ஐம்பது ஆண்டு உடன்வாழ்ந்தவர்க்கும் குரல் அடையாளம் தெரியவில்லை. இதற்கு மறுதலையாக, காந்தக் காட்ரிட்ஜ் உள்ள சுழற்றியை ஆக்ஸ் வாயிலில் செருகினால் ஒலி மெலிந்து, கீச்சென்று, எட்டாத் தொலைவினின்று வருவது போலாகும். நம் நாட்டு இல்லங்களில் இருந்த பழைய இசைத்தட்டுப் பெட்டிகள் பலவற்றில் பீங்கான் காட்ரிட்ஜ் இருந்தது. அது தருவது பல நூறு மில்லிவோல்ட்; ஆதலின் அதற்கு உரிய இடம் ஆக்ஸ் வாயிலே.

வாயிலை மாற்றியவுடன் எல்லாம் முடிந்ததென்று எண்ணினோம், அதுவும் பிழையாயிற்று. மறுநாள் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டபோது 'ஊம்' என்று இடையறாத முரல் ஒன்று கேட்டது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சியுடையது. முன்பெருக்கி மிகுதியாக உயர்த்துவதும் அந்த 50 அதிர்வைச் சூழ்ந்த ஒலியையே என்பதை மேலே கண்டோம். ஆகையால் வீட்டு மின்சாரத்தின் சிறு கசிவும் இசைத்தட்டு கேட்குங்கால் பெருமுரலாக வளர்ந்துவிடுகிறது. எங்கோ படித்த அரைகுறை அறிவைக் கொண்டு, முன்பெருக்கியின் மூன்று முனைச் செருகியைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றிவிட்டோம். முரல் பெரிதும் அடங்கிற்று. யாம் மகிழ்ந்திருக்கையில், அவ்வூரில் நெடுங்காலம் வானொலிப் பெட்டி பழுதுபார்த்து வந்த முதியவர் ஒருவர் வந்தார். செருகியைக் கண்டதும் அவர் முகம் மாறிற்று. "முரல் போனதென்று சந்தோஷப்படுகிறாய், தம்பி. உன் உயிருக்கு இருந்த காவலும் அதோடே போய்விட்டது. உள்ளே ஒரு கம்பி அறுந்து தகட்டில் பட்டால், அந்தக் குமிழைத் தொடுகிற கை யாருடையது? உன் அத்தையுடையது" என்றார். எமக்கு மறுமொழி இல்லை.

அவர் கற்பித்த முறையே சரியான முறை. எர்த் கம்பியை ஒருபோதும் கழற்றலாகாது. முன்பெருக்கி, ஆற்றல் பெருக்கி, சுழற்றி ஆகிய மூன்றையும் ஒரே பலகையில் உள்ள செருகுவாய்களில் இணைக்கவேண்டும். வெவ்வேறு சுவர்களில் இணைத்தால் எர்த் பாதைகள் வளையமாகி அவ்வளையமே முரலை ஈர்க்கும். சுழற்றியிலிருந்து வரும் மெல்லிய தனிக்கம்பியை முன்பெருக்கியின் பின்புறம் உள்ள எர்த் திருகில் முடுக்கவேண்டும். எம் வீட்டில் அக்கம்பி மடக்கி உள்ளே திணிக்கப்பட்டுக் கிடந்தது. இசைக்கம்பிகளை மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் விலக்கி நடத்தவேண்டும். சுழற்றியை ஆற்றல் பெருக்கியின் டிரான்ஸ்பார்மருக்கு அருகில் வைத்தலாகாது. இவையனைத்தையும் செய்தபின், எர்த் கம்பி இருந்த இடத்தில் இருக்கவே, முரல் செவிக்குப் புலனாகாத அளவில் அடங்கிற்று. பழைய கருவிகள் சிலவற்றுக்கு இரண்டு இழை மின்கம்பியே உண்டு. அவற்றை ஆளுமுன் தேர்ந்த மின்பணியாளரிடம் காட்டுதல் நலம்.

பல ஆண்டுகள் உறங்கிய கருவியை உடனே முழு மின்சாரத்தில் எழுப்புவதும் தவறு. அதனுள் எலெக்ட்ரோலிடிக் மின்தேக்கிகள் பல உள. அலுமினியத் தகட்டின்மேல் படிந்த மிக மெல்லிய ஆக்சைடு ஏடே அவற்றில் மின்சாரத்தைத் தடுத்து நிற்பது. மின்னழுத்தம் இன்றி நெடுநாள் கிடந்தால் அவ்வேடு நலிகிறது. உள்ளிருக்கும் திரவமும் உலர்கிறது. அந்நிலையில் முழு மின்சாரம் பாய்ந்தால் மின்தேக்கி சூடேறி வெடிக்கவும் கூடும். இதற்கு எளிய காவல், மின்பணியாளர் பலரும் அறிந்த சீரிஸ் விளக்கு. இழை உள்ள 40 வாட் குமிழ்விளக்கு ஒன்றை மின்பாதையில் கருவிக்கு முன்னே தொடராக இணைத்துவிட்டால், கருவியில் எங்கேனும் குறுக்குப்பாதை இருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரியும்; கருவி தப்பும். கணநேரம் ஒளிர்ந்து பின் மங்குமாயின், பெருங்குற்றம் இல்லை என்று கொண்டு அரைமணி நேரம் அவ்வாறே விட்டு, பின்னரே நேர் மின்சாரம் கொடுக்கலாம். இதற்கும் முன்னர்ப் பின்புறத்து மின்னழுத்தக் குறியைப் பார்த்தல் வேண்டும். அயல்நாடுகளில் விற்ற கருவிகளில் 110, 127, 220, 240 எனப் பல எண்கள் இருக்கும். நம் நாட்டு அளவு 230 வோல்ட். எம் கருவி 220இல் நின்றதை 240க்கு மாற்றினோம். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் கருவியாயின், மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இன்றி இணைத்தலே கூடாது. பியூஸ் போய்விட்டால் அதே அளவுள்ள பியூஸையே இடவேண்டும். ஈயத்தாளும் தடித்த கம்பியும் பியூஸ் ஆகா. வால்வுள்ள முன்பெருக்கிகளில் 200 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். அவற்றைத் திறப்பது பழகியவர் கைக்கே உரியது. 1959இல் இங்கிலாந்தில் வெளியான குவாட் 22 போன்ற சிலவற்றுக்குத் தனி மின்வழி இல்லை. ஆற்றல் பெருக்கியினின்றே அவை மின்சாரம் பெறுகின்றன. அவற்றைத் தனியே எழுப்ப முயல்வது வீண்.

கடற்கரையில் வாழ்வோர்க்கு இன்னும் ஒரு பகை உண்டு, அது உப்பு. காற்றில் வரும் உப்புத்துகள் கருவிக்குள் படிகிறது. காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டியவுடன் உப்பு அவ்வீரத்தை இழுத்துத் தானே நீராகிவிடும். தங்கச்சிமடம் போன்ற ஊரில் அந்த ஈரம் பெரும்பாலும் இரவுதோறும் உண்டு. அந்த உப்புநீர்ப் படலத்தின் வழியே மின்சாரம் கசிகிறது. செம்புமுனைகளில் களிம்பு ஏறுகிறது. ஒலிக்குமிழைத் திருகும்போது 'கரகர' என்கிறது. எம் வீட்டார் இதற்குத் தேங்காயெண்ணெய் விட எண்ணியிருந்தனர். எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துச் சில திங்களில் கோந்தாகிவிடும். மின்முனைகளைத் துடைப்பதற்கென்றே விற்கும் திரவத்தைக் குமிழின் உட்புறத்தில் சிறிதளவு தெளித்து, மின்சாரம் இல்லாத நிலையில் இருபது முப்பது முறை இருபுறமும் திருகினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இணைப்பு முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைக்கலாம். கருவியைக் கடலை நோக்கிய சன்னலுக்கு அருகே வையாமல், கதவுள்ள அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, வாரம் இருமுறையேனும் கதவைத் திறந்து வைத்து ஒருமணி நேரம் இயக்குதல் நன்று. இயங்கும் சூடே ஈரத்தை ஓட்டும். பயன்படாத கருவி பாதுகாப்பாக இருக்கிறதென்று எண்ணுவது இக்கரையில் பொருந்தாது. பரணில் கிடந்த ஆண்டுகளே எம் கருவிக்கு மிகுந்த கேடு செய்தன.

இனி, ஆளும் முறை. தொடங்குங்கால் ஒலிக்குமிழ் முற்றிலும் தாழ்ந்திருக்க, முன்பெருக்கியை முதலிலும் ஆற்றல் பெருக்கியைப் பின்னரும் இயக்கவேண்டும். முடிக்குங்கால் ஆற்றல் பெருக்கியை முதலில் நிறுத்தவேண்டும். இன்றேல் முன்பெருக்கி எழும்போதும் அடங்கும்போதும் தோன்றும் அதிர்ச்சி ஸ்பீக்கரைத் தாக்கும். 'டேப் மானிட்டர்' என்னும் பொத்தான் அழுந்தியிருந்தால், காசெட் ஓடாத நேரத்தில் எந்த ஒலியும் வாராது. இதனை அறியாமல் நற்கருவியைப் பழுதென்று தூக்கிச் சென்றவர் பலர். 'பேஸ்', 'டிரபிள்' குமிழ்களை முதலில் நடுவில் நிறுத்திக் கேட்டு, தேவை கண்ட பின்னரே திருகவேண்டும். 'லவுட்னஸ்' என்பது தாழ்ந்த ஒலியில் கேட்போர்க்கு உரியது. ஒலி குறையக் குறைய நம் செவி தாழ்சுருதியை மிகுதியும் இழக்கிறது என்பதை பிளெட்சர், மன்சன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1933இல் அளந்து காட்டினர். அவ்விழப்பை அப்பொத்தான் ஈடுசெய்கிறது. உரத்துக் கேட்கும்போது அதனை விலக்கிவிடவேண்டும்.

ஸ்டீரியோ என்பது இரண்டு ஸ்பீக்கர் ஒலிப்பது மட்டுமன்று. ஈ.எம்.ஐ. நிறுவனத்தைச் சார்ந்த ஆலன் புளூம்லைன் 1931ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இதற்கு உரிமை கோரினார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958ஆம் ஆண்டை ஒட்டியே பரவலாக விற்பனைக்கு வந்தன. ஒரே பள்ளத்தின் இரு சுவர்களும் ஒவ்வொன்றும் 45 பாகை சாய்ந்து, ஒன்று இடச்செவிக்கும் மற்றொன்று வலச்செவிக்கும் உரிய ஒலியைத் தாங்குகின்றன. 1978இல் வெளிவந்த 'பிரியா' படத்தின் பாடல்கள், தமிழ்த் திரைப்பாடல்களுள் ஸ்டீரியோவில் பதிவானவற்றில் முற்பட்டவை. இத்தகையவற்றைக் கேட்க இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே ஆறடி விட்டு, அவ்விரண்டிலிருந்தும் ஒத்த தொலைவில் அமரவேண்டும். முன்பெருக்கியின் மோனோ பொத்தானை அழுத்திக் கேட்கையில் குரல் இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியில் நிற்குமாயின் இணைப்புச் சரி. குரல் இடமின்றிப் பரவி, தாழ்சுருதி மெலிந்திருக்குமாயின், ஒரு ஸ்பீக்கரின் இரு கம்பிகள் இடம் மாறியுள்ளன என்று அறிந்து மாற்றவேண்டும். ஒருபுறம் சாய்ந்தால் 'பாலன்ஸ்' குமிழால் நடுவுக்குக் கொணரலாம்.

அந்த மோனோ பொத்தானைப் பலரும் வெறுஞ்சோதனைக்கு உரியதென்று கருதுகின்றனர். பழைய குரல்களைக் கேட்பார்க்கு அதுவே பெருந்துணை. ஸ்டீரியோவுக்கு முற்பட்ட தட்டுகளில் இசை முழுவதும் ஊசியின் பக்கவாட்டு அசைவிலேயே உளது. மேல்கீழ் அசைவில் இருப்பது தூசியும் தேய்வும் தரும் இரைச்சலே. மோனோ பொத்தான் இரு சுவர்களையும் ஒன்றுகூட்டும்போது அம்மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. 1933இல் 27 வயதில் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டு இன்று நமக்குக் கிடைப்பது 78 சுழற்சித் தட்டுகளின் வாயிலாகத்தான். அத்தகைய தட்டுகளின் பள்ளம் அகன்றது; அவற்றுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள தனி ஊசி வேண்டும். நீண்டநேரத் தட்டுக்குரிய மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் உரசி, இரைச்சலையே மிகுதியாகத் தரும். அவை 1954க்கு முற்பட்டவையாதலின், வெட்டியபோது கொண்ட அளவும் வேறு. பேஸ், டிரபிள் குமிழ்களைச் செவியே துணையாகத் திருகி ஒத்துக்கொள்ளவேண்டும்.

எம் மாமனின் காசெட்டும் ஒரே மைக்கில் பதிவானது. ஸ்டீரியோ இயந்திரம் அந்நாடாவை இரண்டு தடங்களாகப் படிக்கிறது. குரல் இரண்டிலும் ஒன்றே. நாடாவின் சீறல் இரண்டிலும் வெவ்வேறு. மோனோ பொத்தானை அழுத்தினால் குரல் இரட்டிக்கிறது. சீறல் அவ்வளவு வளர்வதில்லை. கணக்கிட்டால் நன்மை 3 டெசிபல். செவிக்கு, பாடுவார்மீது கிடந்த மெல்லிய திரையொன்று விலகியது போலிருக்கும்.

நான்காம் நாள் மாலை, காசெட் இயந்திரம் டேப் வாயிலில், எர்த் தன் இடத்தில், குமிழ்கள் நடுவில், மோனோ பொத்தான் அழுந்தியிருக்க, மறுபடியும் நாடாவை ஓட்டினோம். இம்முறை அத்தையை யாம் அழைக்கவில்லை. முன்போல் ஏமாற்றமுறுவாரோ என்று அஞ்சினோம். அவர் அடுக்களையில் இருந்தார். முன்பாட்டு எழுந்தது, கரையிலிருந்தோர் பின்பாட்டு இசைத்தனர். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. இரண்டாவது பின்பாட்டு வந்தபோது, அத்தையின் குரலும் அதனோடு மெல்லச் சேர்ந்து கேட்டது.

அதன்பின் ஒரு வேலை எஞ்சியிருந்தது. முன்பெருக்கியின் பின்புறத்தில் 'ரெக் அவுட்' என்றொரு வாயில் உண்டு. ஒலிக்குமிழும் பேஸ், டிரபிள் குமிழ்களும் தீண்டாத தூய குறி அங்கே கிடைக்கும். அதனைக் கணினியில் சேர்த்து, காசெட் முழுவதையும் பதிந்து, மூன்று இடங்களில் பிரதி வைத்தோம். பழைய நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேய்கிறது. என்றேனும் ஒருநாள் அறுந்தும் போகும். மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்துப் பரணிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். அதனை இறக்குங்கள், ஆயின் எம்மைப் போல் முதல் நாளே ஓட்ட அவசரப்படாதீர்கள். முதலில் எர்த்தும் மின்னழுத்தமும், அடுத்து உரிய வாயில், அதன் பின்னரே பாட்டு. இவ்வொழுங்கைக் காப்பீர்களாயின், அக்குரலை அறிந்தவர் இருக்கும்போதே அவர்கள் அதனைக் கேட்டு மகிழ்வர்.